ஒன்பது கட்டம் கீறிய செப்புத் தகடு

பிலிப், தெரேசா, இதை உங்கள் இருவருக்காகவும் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை பின்பக்கத்தில் அறை கட்ட அத்திவாரம் வெட்டும்போது, பிலிப், நீ ஒரு செப்புத் தகட்டைத் தோண்டி எடுத்து வந்தாய். அதில் ஒன்பது கட்டம், கட்டத்துக்கு ஒரு எண், மூலைகளில் இரண்டு எழுத்து. "அப்பா, இது யாரு நமக்கு வெச்ச சூனியம்?" என்று சிரித்தாய். பிறகு தகட்டின் அடிப்பக்கத்தைக் காட்டி, "இந்த எடத்துல மட்டும் என்னத்தையோ தேச்சு அழிச்சிருக்கே" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் எழுந்து போனேன். நீ கேட்டது தப்பில்லை. அந்தப் பதிலை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

மாத்தளையில் காசிம் நானாவின் ரேடியோக் கடையில் இருபத்தாறு வருஷம் வேலை செய்தேன். சேர்ந்த முதல் இரண்டு வருஷம் பழைய செட்டுகளின் தூசி தட்டினேன், ஈயம் உருக்கிப் பற்றவைக்கக் கற்றேன், சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் வருஷம் நானா என்னை ஏரியல் கட்டும் வேலைக்கு அனுப்பத் தொடங்கினார்.

காசிம் நானா யாரையும் நம்பமாட்டார். கெட்ட எண்ணத்தில் அல்ல, அதுதான் அவர் வேலை செய்யும் விதம். வாடிக்கையாளர் "நேத்து வரைக்கும் நல்லாப் பாடிச்சு" என்றால், நானா செட்டின் பின்மூடியைக் கழற்றி மூக்கை உள்ளே விட்டு முகர்ந்துவிட்டு, "நேத்து இல்ல, போன மாசம்" என்பார். மீட்டர் காட்டுவதையும் இரண்டு முறை பார்ப்பார். நான் வெளியே போய் வந்து ஒன்றைச் சொன்னால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றேதான்: "சவரி, நீ பாத்தியா, இல்ல கேட்டியா?"

ஏரியல் கட்ட அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சிற்றலை ஸ்டேஷன்கள் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வருவதால், செட்டுக்குள் இருக்கும் சின்னக் கம்பி போதாது. வெளியே அறுபதடிச் செப்புக் கம்பியை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உயரத்தில் இழுத்துக் கட்டவேண்டும். கம்பத்தைக் கம்பி தொடாமல் இரண்டு முனையிலும் பீங்கான் குமிழ். எந்த நாட்டு ஸ்டேஷன் வேண்டுமோ அந்தத் திசைக்குக் கம்பி குறுக்கே நிற்கவேண்டும். அதிலிருந்து ஒரு கிளை ஜன்னல் வழியாகச் செட்டுக்கு இறங்கும். செட்டிலிருந்து இன்னொரு கம்பி வெளியே போய், ஈர மண்ணில் புதைத்த செப்புத் தகட்டோடு சேரும். அதுதான் எர்த். தகட்டைச் சுற்றிக் கரியும் கல்லுப்பும் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மண் மூடவேண்டும். கரியும் உப்பும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். எர்த் சரியாக அமைந்தால் இரைச்சல் அடங்கி, பேச்சு தனியே எழுந்து வரும்.

இது எல்லாக் கடைக்காரருக்கும் தெரியும். நானாவிடம் மட்டும் இருந்த பழக்கம் இனிமேல் வருவது. நாங்கள் கட்டிவிட்டு வந்ததும் வீட்டுக்காரர்கள் கம்பியைக் கழற்றித் துணி காயப்போடுவார்கள், கம்பத்தை இடம் மாற்றுவார்கள், பிறகு "நீங்க கட்டினது சரியில்ல" என்று கடைக்கு வருவார்கள். அதனால் நானா தகட்டிலேயே கணக்கைக் கீறிவிடச் சொல்வார். இருபத்தைந்து, முப்பத்தொன்று, நாற்பத்தொன்பது மீட்டர் என்று மூன்று அலை. வெளிக்கம்பி இல்லாமல், கம்பியோடு, கம்பியும் எர்த்தும் சேர்த்து என்று மூன்று நிலை. ஒவ்வொன்றிலும் சத்தம் எவ்வளவு தெளிவு என்று ஒன்பதுக்கு ஒரு மதிப்பு. ஆக ஒன்பது கட்டம். ஒரு மூலையில் 'கா', காசிம். மறு மூலையில் 'ச', சவரிமுத்து. அடியில், கம்பியின் தூர முனை எதைப் பார்த்து நிற்கிறது என்று ஒரு அடையாளம். பிணக்கு வந்தால் தகட்டை எடுத்துப் பார்த்துக் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

"வீட்டுக்காரனுக்கு இது தெரியக்கூடாது. தெரிஞ்சா தோண்டி மாத்திப்புடுவான்" என்று நானா சொல்லியிருந்தார். நானும் யாருக்கும் சொன்னதில்லை.

தெரேசா, நீ தொட்டிலில் இருந்த வருஷம். இரத்தோட்டைப் பக்கம் ஓய்வுபெற்ற தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஒருவர் வீடு கட்டிக் குடியிருந்தார். கார் பேட்டரியில் ஓடும் பெரிய வால்வு செட் ஒன்று வாங்கியிருந்தார். லண்டனிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி தெளிவாகக் கேட்கவேண்டும் என்பது அவர் ஆசை. தகட்டையும் கம்பியையும் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

பக்கத்து வளவு செல்லையாவுடையது. மிளகும் கொக்கோவும் போட்டிருந்தார். இரண்டு வளவுக்கும் நடுவே குரோட்டன் வேலி. நான் கம்பம் நட்டுக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு அந்தப் பக்கம் இலை அசைந்தது. செல்லையாவின் மனைவி ராக்கம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் குனிந்து புல் பிடுங்குவதுபோல் காட்டினார். அங்கே பிடுங்கப் புல் இல்லை.

எர்த்துக்கு ஈரமான இடம் தேடினேன். கிளாக்கர் வேலியோரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"இங்க வெட்டுங்க. குளிக்கிற தண்ணி இதுலதான் ஓடுது. எப்பவும் ஈரம்."

"இது வேலிக்கு அந்தப் பக்கமாட்டம் தெரியுதே, ஐயா."

"வேலிதான் இந்தப் பக்கம் வந்திருக்கு. மண்ணு என்னோடது. வெட்டுங்க."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஈரம் நன்றாக இருந்தது, வெட்டினேன். படியில் உட்கார்ந்து ஆணியால் தகட்டில் கட்டம் கீறினேன். கம்பியின் தூர முனை செல்லையாவின் பலா மரத்தை நேராகப் பார்த்து நின்றது. அடியில் 'செல்லையா வீட்டுப் பலா' என்று கீறினேன். கிளாக்கர் பின்னால் நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டு அதை வாசித்தார். என்னவென்று கேட்கவில்லை. மெல்லச் சிரித்துவிட்டு உள்ளே போய், எனக்கு எலுமிச்சம்பழத் தண்ணீர் அனுப்பிவைத்தார். பிழிந்த பழத்தின் இரண்டு பாதியும் கோப்பையோடு வந்தன. குடித்துவிட்டு, கையிலிருந்த பாதிகளைக் குழிக்குள்ளேயே போட்டேன். தகட்டை வைத்து, கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். ராக்கம்மா அப்போதும் வேலியோரம் நின்றார்.

செட்டைத் திருகினோம். நாற்பத்தொன்பது மீட்டரில் இரைச்சல் அடங்கி, பேச்சு பக்கத்து அறையில் இருப்பதுபோல் வந்தது. கிளாக்கர் தலையை ஆட்டினார். நான் மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில் கிளாக்கரிடமிருந்து ஆள் வந்தது. ரேடியோ மறுபடியும் இரைகிறதாம். போய்ப் பார்த்தேன். எர்த் கம்பி அறுந்து கிடந்தது. குழி திறந்திருந்தது. தகடு இல்லை.

"செல்லையா எடுத்துக்கிட்டுப் போயிட்டான். என்னத்துக்குன்னு அவனையே கேளுங்க" என்றார் கிளாக்கர்.

வேலியைச் சுற்றிப் போனேன். செல்லையா வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பலா மரத்தடியில் வாழை இலை மேல் என் தகடு. அதைச் சுற்றி மஞ்சள் தூள் கொட்டியிருந்தது. பக்கத்தில் காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழப் பாதி இரண்டு. நான் குழிக்குள் போட்டவை.

உள்ளே செல்லையாவின் மருமகள் மரகதம் கிடந்தாள். பிள்ளை பெற்றுப் பதினெட்டு நாள். நெஞ்சு ஒரு பக்கம் கல்லாகக் கட்டி, காய்ச்சல் நெருப்பாக ஏறி, நடுங்கிக்கொண்டிருந்தாள். தோட்டத்து மருத்துவிச்சி இரண்டு நாளாக மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிக்கொண்டிருந்தார். ராக்கம்மாவுக்கு நான் குழி வெட்டியது நினைவுக்கு வந்திருக்கிறது. தோண்டியிருக்கிறார்கள். செப்புத் தகடு, ஒன்பது கட்டம், எழுத்து, குடும்பத் தலைவர் பெயர், கரி, உப்பு, எலுமிச்சம்பழம். சூனியம் எடுக்க நாவுலயிலிருந்து பூசாரி வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. அதுவரை மரகதம் வீட்டுப் படி தாண்டக்கூடாதாம்.

மருத்துவிச்சி என்னைத் தனியே இழுத்து, "வெள்ளிக்கெழம வரைக்கும் இந்தப் புள்ள தாங்காது. நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். "செல்லையாண்ணே, அந்தத் தகடு என்னோடது. ரேடியோவுக்கு வெச்சது."

செல்லையா என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "கிளாக்கர் ஒன்னய என்னா சொல்லி அனுப்புனாரு?"

"அவரு ஒண்ணும் சொல்லல. அது எர்த்து. எல்லா வீட்டுக்கும் வெக்கிறதுதான்."

"எல்லா வீட்டுக்கும் எம்பேர எழுதியா வெக்கிற?"

நான் கம்பி, கம்பம், திசை என்று சொல்லச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நேரில் காட்டினால் நம்புவார் என்று நினைத்து, செல்லையாவை வேலியோரம் கூப்பிட்டேன். கிளாக்கர் வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொல்லி, அறுந்த கம்பியின் நுனியை ஈரமண்ணில் செருகினேன். இரைச்சல் குறைந்தது. எடுத்தேன், இரைந்தது. செருகினேன், குறைந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் செல்லையா. "நீ மண்ணுல செருகுனா அங்க நல்லாயிருக்கு. அப்ப எம்மண்ணுலயிருந்து என்னத்த இழுக்குது அது?"

இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு அவருக்குப் புரியும்படி ஒரு பதில் எனக்குத் தெரியாது.

"எலுமிச்சம்பழமும் ரேடியோவுக்குத்தானா?" என்று பின்னால் ஒருவன் கேட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு நல்ல சிரிப்பாக இல்லை.

கிளாக்கரிடம் ஓடினேன். "ஐயா, நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லுங்க. அந்தப் புள்ள செத்துப்போயிரும்."

அவர் செட்டின் குமிழைத் திருகிக்கொண்டே, "நான் சொன்னா இன்னும்தான் சந்தேகப்படுவான்" என்றார். அது உண்மைதான். பிறகு, "வேலியத் தள்ளிப் போட்டவன் கொஞ்சம் பயந்துதான் இருக்கட்டுமே" என்றார்.

அவர் அந்த இடத்தைக் காட்டியது, பெயரை வாசித்துச் சிரித்தது, எலுமிச்சம்பழத்தைத் தோலோடு அனுப்பியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் நினைவில் வந்தன. வேண்டுமென்றே செய்தாரா, தற்செயலாக நடந்ததை வைத்துக்கொண்டாரா? இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை, கேட்டால் சொல்வதை நான் நம்பியிருக்கவும் மாட்டேன்.

மத்தியானப் பஸ்ஸில் கடைக்குத் திரும்பி நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் இருந்த வேலையை நிறுத்தவில்லை.

"புள்ளைக்கிக் காய்ச்சல்னு நீ பாத்தியா, இல்ல கேட்டியா?"

"பாத்தேன் நானா. கட்டில் ஆடுது."

"எலுமிச்சம்பழம் யாரு போட்டது?"

"நான்தான்."

"பேர எழுதினது?"

"நான்தான். அடையாளத்துக்கு."

"எழுதச் சொன்னது நான்" என்றார் நானா. சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்தார். சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். செட்டில் எங்கே பழுது என்று காதால் தேடும்போது அப்படித்தான் இருப்பார். பிறகு எழுந்து அலவாங்கை எடுத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் போனார். கடைச் செட்டின் எர்த் அங்கே தண்ணீர் ஓடும் கானோரம் புதைந்திருந்தது. நான் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் அவரே கட்டியது. தோண்டித் தகட்டை எடுத்து, உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, என்னிடம் நீட்டினார். ஒன்பது கட்டம். அடியில், 'அம்மன் கோயில் அரச மரம்'.

"இதக் காட்டினா, தகட்டுல எழுதுறது ஊரெல்லாம் தெரிஞ்சிடும் நானா."

"தெரியட்டும்."

மறுநாள் விடிந்ததும் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரரின் ஓஸ்டின் காரைக் கேட்டு எடுத்துக்கொண்டு இருவரும் இரத்தோட்டைக்குப் போனோம். நானா முற்றத்துக்குள் நுழையவில்லை. வேலிப் படலுக்கு வெளியே நின்று செல்லையாவைக் கூப்பிட்டார்.

"நான்தான் கடைக்காரன். இதுவும் என்ட தகடு. வாசிச்சுப் பாருங்க."

செல்லையாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. மகன், மரகதத்தின் புருஷன், வாங்கி வாசித்தான். "அம்மன்... கோயில்... அரச மரம்."

ராக்கம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "அம்மனுக்குப் போயி எவனாச்சும் செய்வினை செய்வானா? செஞ்சிட்டு ஊருக்குள்ள கடை வெச்சிருப்பானா?"

ஆனால் செல்லையா அசையவில்லை. "நேத்து இவன் வந்துட்டுப் போனான். ராத்திரி உக்காந்து நீங்க புதுசாக் கீறியிருந்தா?"

நானா முதல் தடவையாகச் சிரித்தார். "நல்ல கேள்வி" என்றார். "என்ட கடையில ஒரு ஆளும் இப்படிக் கேக்கிறதில்ல."

பாக்கெட்டிலிருந்து ஆணியை எடுத்துத் தகட்டின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். அது தங்கம்போலப் பளபளத்தது. "இது இப்பக் கீறினது. மத்த எழுத்துக்குள்ள பாருங்க."

பழைய எழுத்துகளின் பள்ளத்தில் பச்சைக் களிம்பு ஏறி இறுகியிருந்தது. செல்லையா தகட்டை வாங்கி நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். பச்சை போகவில்லை. வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே பிள்ளை அழுதது. மரகதத்தின் சத்தம் கேட்கவில்லை. அவ்வளவு நேரமும் நாங்கள் எல்லோரும் செல்லையாவின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எத்தன வருசத்துப் பச்ச இது?"

"பத்துக்கு மேல. கடை தொறந்த வருஷம் வெச்சது."

செல்லையா மகனைப் பார்த்து, "தூக்கு அவள" என்றார். பிறகு நானாவிடம் ஒரு நிபந்தனை வைத்தார். "தகடும் அவளும் ஒரே வண்டியில போகக்கூடாது."

"போகாது" என்றார் நானா. "சவரி, ரெண்டு தகட்டையும் நீ கொண்டு வா."

கார் போயிற்று. மருத்துவிச்சியும் ஏறிக்கொண்டார். நான் மஞ்சள் தூளுக்கு நடுவிலிருந்து என் தகட்டை எடுக்கக் குனிந்தபோது, நின்றவர்கள் எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

மரகதத்துக்குக் கட்டியைக் கீறி, ஊசி போட்டார்கள். பன்னிரண்டு நாளில் பிள்ளையோடு வீடு திரும்பினாள். அந்தப் பிள்ளை இப்போது இரத்தோட்டையில் பஸ் கண்டக்டர். என்னைக் கண்டால் இடம் பிடித்துக் கொடுப்பான். செல்லையா மட்டும் கடைசிவரைக்கும், தகடு வளவைவிட்டுப் போன நேரத்திலிருந்துதான் காய்ச்சல் இறங்கிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேரக் கணக்குப்படி பார்த்தால் அவர் சொன்னது பொய்யுமில்லை. கிளாக்கருக்கு வேறு இடத்தில், அவர் கிணற்றடியில், எர்த் வைத்துக் கொடுத்தேன். அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. நானா அந்த மாதத்திலிருந்து ஒரு கொப்பி வாங்கி வைத்து, கணக்கை அதில் எழுதச் சொன்னார். தகட்டில் எண் மட்டும், பெயர் வேண்டாம் என்றார்.

இனி, பிலிப், நீ கேட்டதற்கு வருகிறேன்.

அந்த வியாழக்கிழமை இரண்டு தகட்டையும் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கடையில் போட்டுவிட்டு, நானா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புமுன் வீட்டுக்கு வந்தேன். உங்கள் அம்மா தெரேசாவைத் தூக்கிக்கொண்டு பூசைக்குப் போயிருந்தாள். எனக்குச் சூனியத்தில் நம்பிக்கை இல்லை. அன்றைக்கும் இல்லை. செல்லையாவிடம் இரண்டு நாளாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நம் வீட்டு எர்த்தையும் நான்தான் வைத்திருந்தேன். ஏரியலின் தூர முனை பார்த்து நின்ற ஜன்னலுக்குப் பக்கத்தில் அப்போது தொட்டில் தொங்கிற்று. அந்த அடையாளத்தைத் தகட்டின் அடியில் என் கையால் கீறியிருந்தேன்: 'தெரேசா தொட்டில் ஜன்னல்'.

பின்பக்கம் போய் மண்ணைக் கிளறினேன். தகட்டைக் கழுவினேன். சமையலறையிலிருந்து புளியும் ஒரு துண்டு செங்கல்லும் எடுத்துவந்து, குந்தியிருந்து, முதலில் பெயரைத் தேய்த்தேன். பிறகு தொட்டிலை. பிறகு ஜன்னலையும் விட்டுவைக்க மனம் வரவில்லை. அந்த இடத்தை விரலால் தடவினால் ஒரு எழுத்தும் தட்டுப்படாத வரைக்கும் தேய்த்தேன். எண்களையும் மூலை எழுத்து இரண்டையும் தொடவில்லை. தகட்டைத் திரும்ப இறக்கி, கம்பியை முறுக்கி, மண் தள்ளி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன்.